ஹெரால்டு காரின் பின்சக்கரங்கள்

(திற்பரப்பில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இப்போதைய காருக்கும் சஸ்பென்ஷன்ல என்ன வித்தியாசம்னு பேசுடே, ஆனா ஆளுகளைத் தூங்க வச்சிராத" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். நான் மேடையேறிப் பழகியவன் அல்ல. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார்களின் அடிப்பாகத்தைச் சோதிக்கிற வேலை. பத்து வருஷத்துக்கு மேலாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடப்பதுதான் பிழைப்பு. இருந்தாலும் இரண்டு காரணங்களுக்காக ஒப்புக்கொண்டேன். ஒன்று, இந்த ஆண்டுச் சந்திப்பை என் சொந்த ஊரான திற்பரப்பில் வைத்திருக்கிறீர்கள். இன்னொன்றைப் பேச்சின் நடுவில் சொல்கிறேன். அதை முதலிலேயே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று மாலை பாதிப்பேர் அருவியில் குளித்துவிட்டு வந்ததைப் பார்த்தேன். அருவிக்குப் பக்கத்தில் உள்ள மகாதேவர் கோயில், சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் மூன்றாவது. சிவராத்திரி சமயத்தில் முஞ்சிறையில் புறப்பட்டு ஓடி வருகிறவர்களைச் சின்ன வயதில் ரோட்டோரம் நின்று பார்ப்போம். புதிதாய் ஓட வந்தவர் முழங்காலை விறைத்துக்கொண்டு ஓடுவார். ஒவ்வொரு அடிக்கும் தலை குலுங்கும். பழகிய ஆசாமி முழங்காலைத் தளர்த்தி ஓடுவார். கால் மட்டும் மேடு பள்ளம் பார்த்துக்கொள்ளும், தலை ஒரே மட்டத்தில் போகும். சஸ்பென்ஷன் என்பது இதுதான். சக்கரம் ரோட்டின் சொல்லைக் கேட்க வேண்டும், உடம்பு கேட்கக் கூடாது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் விறைத்த முழங்காலோடு ஓடியவை. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. டி.சி. என்ற காரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலும் ஒரே இரும்பு அச்சு, பின்னாலும் ஒரே அச்சு. நம்ம மாட்டு வண்டி அச்சுக்கும் அதற்கும் தத்துவத்தில் வித்தியாசம் கிடையாது. ஓர் ஓரத்துச் சக்கரம் கல்லில் ஏறினால் மறு ஓரமும் சேர்ந்து சாயும். அதற்கு மேல் லாரிக்குப் போடுகிற மாதிரி பட்டைகள், அதுவும் கெட்டியாக. கெட்டியான ஸ்பிரிங்தான் வேகத்துக்கு நல்லது என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. உண்மையில் ஸ்பிரிங் வளையாததால் சேஸிஸ் வளைந்தது. சேஸிஸே ஒரு ஸ்பிரிங்காக வேலை பார்த்தது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு, தம்பிகள் குறித்துக்கொள்ளலாம். வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போது ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்றால், அந்த வண்டி வினாடிக்கு ஒரு தடவை மேலும் கீழும் ஆடும். நிதானமான ஆட்டம், உடம்புக்கு இதம். அதே ஸ்பிரிங் 6 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் வினாடிக்கு இரண்டு ஆட்டம். அமுக்கம் கால்வாசியானால் ஆட்டம் இருமடங்கு. அது சவாரி அல்ல, உலுக்கல். 1930-களிலேயே அமெரிக்காவில் மாரிஸ் ஆலி என்ற எஞ்சினியர் முன் ஸ்பிரிங்கை இளக்க வேண்டும், பின் ஸ்பிரிங் அதைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும் என்று கண்டு சொன்னார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்னால் வரும் ஆட்டம் கொஞ்சம் வேகமாக இருந்தால், அது முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி குதிரை மாதிரி முன்னும் பின்னும் துள்ளாது. ஸ்போர்ட்ஸ் கார் செய்தவர்கள் இதைக் கேட்கப் பல வருஷம் ஆனது. 1962-இல் லோட்டஸ் எலன் வந்தபோதுதான், மெத்தென்ற ஸ்பிரிங்கும் நல்ல ஷாக் அப்சார்பரும் வளையாத சேஸிஸும் சேர்ந்தால் விறைத்த வண்டியைவிட வேகமாக வளைவில் போகலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

"நம்ம நாட்டுல ஸ்போர்ட்ஸ் கார் ஏதுடே? அம்பாசிடரும் ஃபியட்டும்தானே" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறது கேட்கிறது. அண்ணே, ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டாலும் ஸ்போர்ட்ஸ் காரின் கால்கள் நம் தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்டன. சென்னைக்குத் தெற்கே, பெருங்களத்தூர் வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில். 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்தார்கள். இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டுதான் அது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலொட்டி. இதே ஹெரால்டின் அடிப்பாகத்தை நீளம் குறைத்து, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடம்பை வைத்து, 1962-இல் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார்கள். அது 1980 வரை வந்தது. முன்கால் பின்கால் எல்லாம் ஹெரால்டுடையதுதான். ஆக, நம் ஊர் டாக்டரும் வக்கீலும் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போன அந்தக் காரின் அடியில் குனிந்து பார்த்தால் தெரிவது ஓர் ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன்.

எங்கள் மாமா வீட்டில் ஒரு ஹெரால்டு இருந்தது. 1969 மாடல், வெளிர் நீலம். மாமாவின் அப்பா வாங்கியது. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, முதலை வாய் மாதிரி முன்னோக்கித் திறக்கும். எஞ்சினும் சஸ்பென்ஷனும் தட்டில் வைத்த சோறு மாதிரி கண்முன்னே இருக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். குலசேகரம் சந்தை நெரிசலில் மாமா அதை ஒரே ஒடியில் திருப்பி நிறுத்தும்போது ஆட்டோக்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். நான் எஞ்சினியரிங் படிக்கப் போனதற்கு அந்த பானெட்தான் காரணம்.

முதலில் முன்கால். மேலே ஒரு சின்ன ஆர்ம், கீழே ஒரு பெரிய ஆர்ம், இரண்டும் கோழியின் நெஞ்சுக் கவட்டை எலும்பு மாதிரி இருக்கும். அதனால்தான் விஷ்போன் என்று பெயர். நடுவில் காயில் ஸ்பிரிங், அதற்குள் ஷாக் அப்சார்பர். மேலே உள்ளது குட்டையாக இருப்பதால், வளைவில் வண்டி சாய்ந்தாலும் சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். இது அவ்வளவு நல்ல அமைப்பாக அமைந்துவிட்டதால், லோட்டஸ் கம்பெனியே தன் எலன் காரின் முன்சக்கரத் தாங்கிக்கு ட்ரயம்ஃபின் பாகத்தை வாங்கிப் போட்டது. இன்றைக்கும் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஃபார்முலா ஒன் வண்டிகளிலும் அடிப்படை இதே இரட்டை விஷ்போன்தான். பொருள் மாறியிருக்கிறது, ஸ்பிரிங் உட்காரும் இடம் மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை. ஒரு வித்தியாசம் சொல்லலாம். ஹெரால்டின் முன்சக்கரத் தாங்கி கீழே ஒரு மரை போட்ட வெண்கலத் துண்டில் திரும்பும். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடித்து, ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இதெல்லாம் வண்டி வைத்திருக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குலசேகரத்தில் எங்கள் வண்டியைப் பார்த்த மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது. மாதம் ஒரு தடவை மூக்கு நீண்ட ஆயில் கேனோடு வருவார்.

இனி பின்கால். இங்கேதான் வில்லங்கம். வண்டியின் நடுவில் டிஃபரன்ஷியலைச் சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். அதன் இரண்டு பக்கமும் இரண்டு அச்சுத்தண்டுகள். ஒவ்வொரு தண்டுக்கும் உள்பக்கம் மட்டும் ஒரு ஜாயின்ட், வெளிப்பக்கம் சக்கரம். அதாவது தோளில் மூட்டு உண்டு, மணிக்கட்டில் மூட்டு இல்லை. கையை நீட்டி, தோளிலிருந்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உள்ளங்கை நேராக நிற்காது, கையோடு சேர்ந்து சாயும். இதுதான் ஸ்விங் ஆக்ஸில். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டைக் கட்டு, இரண்டு சக்கரத்துக்கும் பொது. விலை மலிவு, எடை குறைவு, ஒரு சக்கரத்தின் குலுக்கல் மற்றதற்குப் போகாது. அந்தக் காலத்தில் இது முன்னேற்றம்தான். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் இதுதான், 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதுதான்.

பின்னால் கனம் ஏற்றினால் வண்டி தாழும். சக்கரங்களின் அடிப்பகுதி வெளியே அகலும், குந்தி உட்கார்ந்த கோழி மாதிரி. அப்போது பிடிப்பு நன்றாக இருக்கும். வண்டி உயர்ந்தால் நேர் எதிர். சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே ஒடுங்கும். அந்த நிலையில் வேகமாக ஒரு வளைவு எடுத்தால் என்ன ஆகும்? ரோடு வெளிச்சக்கரத்தை உள்ளே தள்ளும். ஏணியைச் சுவரில் சாத்திவைத்து அடிப்பக்கத்தை உள்ளே தள்ளினால் மேல்முனை உயருமில்லையா, அதே மாதிரி அந்தத் தள்ளு வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கும். தூக்கினால் சக்கரம் இன்னும் ஒடுங்கும். ஒடுங்கினால் இன்னும் தூக்கும். அந்த நேரம் பார்த்து டிரைவர் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னால் போய், பின்பக்கம் மேலும் எழும்பும். டயர் தன் ஓரத்து விளிம்பில் நிற்கும். அடுத்த நொடி வண்டி பின்புறம் முன்புறமாகச் சுழலும்.

அமெரிக்காவில் 1960-இல் வந்த ஷெவ்ரொலே கோர்வெய்ர் காரிலும் இதே ஸ்விங் ஆக்ஸில்தான். எஞ்சின் பின்னால். அதைச் சமாளிக்க முன் டயருக்கு 15 பவுண்டு காற்று, பின் டயருக்கு 26 பவுண்டு என்று கம்பெனி கையேட்டில் எழுதிவைத்தது. அத்தனை வித்தியாசமாகக் காற்றடித்துக்கொண்டு யார் ஓட்டுவார்கள்? பெட்ரோல் பங்கில் நாலு டயருக்கும் ஒரே காற்றுதான். 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய கார்ப் பாதுகாப்புப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. பின்னர் 1972-இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை சோதித்து, அக்காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்று அறிக்கை தந்தது. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் என் கருத்து இது: ஓர் எஞ்சினியர் தன் டிசைனின் பலவீனத்தைக் கையேட்டின் ஒரு வரியில் எழுதி ஓட்டுகிறவர் தலையில் கட்டக் கூடாது.

இப்போது அந்த இரண்டாவது காரணத்தைச் சொல்கிறேன்.

2009. நான் மூன்றாம் ஆண்டு. எனக்கு எல்லாம் தெரியும் என்ற வயது. லீவுக்கு வந்தபோது மாமாவின் ஹெரால்டு பின்னால் குந்தி உட்கார்ந்திருப்பது என் கண்ணை உறுத்தியது. பக்கத்தில் நிற்கிற புதுக்கார்கள் எல்லாம் நிமிர்ந்து நிற்க, இது மட்டும் தவளை மாதிரி. பட்டை தளர்ந்துபோச்சு என்று முடிவு கட்டினேன். "மாமா, நான் சரி பண்ணித் தாறேன்" என்றேன். மாமாவுக்குப் பெருமை. மருமகன் எஞ்சினியர் அல்லவா? மேஸ்திரிதான் தடுத்தார். "மக்கா, இது பொறத்தால குந்தி இருந்தாத்தான் ரோட்டுல நிக்கும். தூக்கப்படாது" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான். செஞ்சவன் அப்படிச் செஞ்சிருக்கான்" என்றார். காரணம் சொல்லத் தெரியாத ஒருவர் சொல்வது சரியாக இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பட்டைக் கட்டைக் கழற்றி, மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து, வளைவு ஏற்றி, ஒரு பட்டை கூடுதலாகவும் சேர்த்து மாட்டினேன். பட்டறைக்காரர் நான் சொன்னதைச் சுத்தமாகச் செய்து தந்தார். வண்டியின் பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்தது. பார்க்க அழகாக இருந்தது. அதோடு பழைய டயர்களைத் தள்ளிவிட்டுப் பிடிப்பு அதிகமுள்ள ரேடியல் டயர்களையும் போட்டேன்.

அந்த இரண்டு அங்குலத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். அச்சுத்தண்டு சுழலும் ஆரம் சுமார் 20 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டை இருபதால் வகுத்தால் பத்தில் ஒன்று. ரேடியனை டிகிரியாக்கினால் ஐந்தே முக்கால். இரண்டு பின்சக்கரங்களையும் ஏறத்தாழ ஆறு டிகிரி தப்பான பக்கம் சாய்த்துவைத்தேன். நாற்பது வருஷமாக அந்த வண்டி டிக்கியில் ரப்பர் ஷீட் கட்டுகளோடுதான் மலையிறங்கும். அந்தக் கனமும் சேர்ந்துதான் சக்கரத்தை அகட்டி வைத்திருந்தது.

இடவப்பாதி மழை தொடங்கிய வாரம். மாமா குலசேகரத்தில் ஷீட்டைப் போட்டுவிட்டு, காலி வண்டியாகத் திற்பரப்புக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆயிரம் தடவை பழகிய வளைவு, பழகிய வேகம். எதிரே ஒரு பசு குறுக்கே வந்தது. காலை எடுத்தார். அவ்வளவுதான். வண்டி சுழன்று, பின்பக்கமாகப் போய் ரப்பர் மரத்தில் மோதியது. மாமாவுக்கு வலது காறை எலும்பு முறிந்தது. பசுவுக்கு ஒன்றும் இல்லை.

ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "வயசான காலத்துல இவருக்கு வேகம் எதுக்கு?" மாமிதான் அதிகம் சொன்னார்கள். மாமா தனக்கே கை தளர்ந்துவிட்டது என்று நம்பினார். எலும்பு கூடிய பிறகும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஐம்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகு குலசேகரத்துக்குப் பஸ்ஸில்தான் போவார், சீட் கிடைக்காமல் நின்றுகொண்டு.

நான்காம் ஆண்டில் ஆட்டோமொபைல் பாடம் எடுத்த சார், கரும்பலகையில் ஸ்விங் ஆக்ஸில் படம் வரைந்து, வண்டி உயர்ந்தால் சக்கரம் எப்படி ஒடுங்கும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். சார் இங்கே முன்வரிசையில் இருக்கிறார், அவருக்கு நினைவிருக்காது. நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை. மேஸ்திரி சொன்னதற்குக் காரணம் அந்தப் படத்தில் இருந்தது.

உடனே ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பரீட்சை வந்தது, வேலை வந்தது, கல்யாணம் வந்தது. ஒவ்வொரு லீவுக்கும் சொல்லலாம் என்று நினைத்துப் போய், சக்கை வற்றல் தின்றுவிட்டுத் திரும்பி வருவேன். போன ஓணத்துக்குத்தான் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத அண்ணைக்கே சொல்லியிருக்கலாம்லாடே. ஒனக்க மாமி சாவுற வரைக்கும் எனக்க ஓட்டைத்தானே குத்தம் சொன்னா" என்றார். மாமி போய் அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. வேறெதுவும் அவர் சொல்லவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ட்ரயம்ஃப்காரர்களுக்கும் இந்தக் குறை தெரியும். தெரிந்தபின் என்ன செய்தார்கள் என்பதுதான் படிக்க வேண்டிய பாடம். ஒரே வியாதிக்கு மூன்று மருந்து. ஆறு சிலிண்டர் எஞ்சின் வைத்த ஜி.டி.6 என்ற அண்ணன் வண்டிக்கு 1968-இல் பின்பக்கமும் கீழே ஒரு விஷ்போன் வைத்து, அச்சுத்தண்டில் ரப்பர் வளைய ஜாயின்டைச் சேர்த்தார்கள். மணிக்கட்டுக்கும் மூட்டு வந்தது. அருமையான வேலை, ஆனால் செலவு. ஸ்பிட்ஃபயருக்கு 1970-இல் மலிவாக ஒரு தந்திரம் செய்தார்கள். பட்டைக் கட்டில் ஒரு பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவற்றைத் தராசுக்கோல் மாதிரி நடுவில் ஆட விட்டார்கள். வண்டி சாயும்போது பின்பக்கம் முரண்டு பிடிக்காது, சாய்வைத் தாங்குகிற வேலை முன்பக்கத்துக்குப் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது, ஒரு ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றியே பாதி வியாதியைத் தீர்த்தார்கள்.

நம் சென்னைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1972-இல் ஹெரால்டுக்கு அடுத்து ஸ்டாண்டர்டு கெஸல் என்று ஒரு கார் வந்தது, 1977 வரை. அதில் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டு, லாரிக்கும் அம்பாசிடருக்கும் இருக்கிற மாதிரி ஒரே ஹவுசிங்கில் லைவ் ஆக்ஸில் வைத்துவிட்டார்கள். புத்தகப்படி பார்த்தால் இது பின்னோக்கிப் போனது. மாணவனாக இருந்தபோது நானும் அதைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஐந்து பேர் உட்காரும் வண்டியில் எட்டுப் பேர் ஏறும் ஊர், பட்டை முறிந்தால் பக்கத்துப் பட்டறையில் அடித்து மாட்டும் ஊர், என்னைப் போன்ற அரைகுறைகள் இரண்டு அங்குலம் தூக்கும் ஊர். லைவ் ஆக்ஸிலை எவ்வளவு தூக்கினாலும் சக்கரம் நிமிர்ந்தேதான் நிற்கும். அந்த முடிவை எடுத்தவர்கள் நம் ரோட்டையும் நம்மையும் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் இன்றைய வண்டிகளில் என்ன புதுமை? ஒரு சக்கரத்துக்கு ஆறு விதமான அசைவு உண்டு. மூன்று திசையில் நகரலாம், மூன்று விதமாகத் திரும்பலாம். அதில் ஐந்தைக் கட்டிப்போட்டு, மேலும் கீழும் போகும் ஒன்றை மட்டும் விட வேண்டும். 1982-இல் மெர்சிடிஸ் 190 கார் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து தனித்தனிக் கம்பிகளைப் போட்டது. மல்டி லிங்க் என்கிறோம். ஐந்து கட்டுக்கு ஐந்து கம்பி. ஆனால் எண்ணிப் பாருங்கள், 1959 ஹெரால்டின் முன்பக்கம் விஷ்போன் ஒன்றுக்கு இரண்டு என்று நான்கு, ஸ்டியரிங் கம்பி ஒன்று, அதுவும் ஐந்துதான். ஸ்விங் ஆக்ஸிலும் ஒரே கீலில் ஐந்தையும்தான் கட்டிப்போட்டது, கீல் இருந்த இடம்தான் தப்பு. கணக்கு மாறவில்லை. மலிவான கார்களில் இன்றைக்கும் முன்னால் 1950-இல் ஃபோர்டு காரில் வந்த மக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டும் பின்னால் ஒரு முறுக்குக் கம்பியும்தான்.

பெரிய மாற்றம் நடந்தது கம்பிகளில் அல்ல, கம்பிகளின் முனையில். அங்கே உட்கார்ந்திருப்பது ரப்பர். இந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் விடியற்காலை சிரட்டையில் வடிகிற பால்தான். அதை உறைய வைத்து, உருளையில் கொடுத்து, ஷீட் அடித்து, புகைப்புரையில் உலர்த்தி அனுப்புகிறோம். அது கரித்தூளும் கந்தகமும் சேர்ந்து வெந்து, இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவில் புஷ் ஆக ஒட்டிக்கொள்கிறது. செயற்கை ரப்பர் எத்தனை வந்தாலும், கோடித் தடவை வளைந்து நிமிர்கிற இந்த வேலைக்கு இயற்கை ரப்பருக்குத்தான் முதல் மரியாதை.

பழைய காரிலும் ரப்பர் புஷ் உண்டு, சத்தம் குறைக்க மட்டும். ரேடியல் டயர் பரவிய பிறகு நிலைமை மாறியது. அந்த டயர் முன்பின் திசையில் கடினமானது, சின்னப் பள்ளத்தையும் வண்டிக்குள் கொண்டுவந்து தட்டும். எனவே சக்கரத்தை முன்பின்னாகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் செய்ய வேண்டும், ஆனால் பக்கவாட்டில் விடக் கூடாது. புஷ்ஷின் ரப்பரில் ஒரு திசையில் மட்டும் பள்ளம் விட்டு வார்த்தார்கள். ஒரே துண்டு ரப்பர், ஒரு பக்கம் பஞ்சு, ஒரு பக்கம் பாறை. அதற்கு மேலும் போனவர்கள் உண்டு. 1977-இல் போர்ஷே 928 காரின் பின் சஸ்பென்ஷனில், வளைவில் டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்த இழுப்பிலேயே புஷ் நெகிழ்ந்து, வெளிச்சக்கரம் சற்றே உள்நோக்கித் திரும்பும்படி அமைத்தார்கள். வண்டி சுழலாமல் வளைவிலேயே நிற்கும்.

காலை எடுத்தால். மாமா செய்ததும் அதைத்தான். பசுவைக் கண்டால் உலகத்தில் எல்லா மனுஷனும் செய்வது அதைத்தான். 1959 வண்டி அதைத் தப்பு என்றது. 1977-க்குப் பிறகு வந்த நல்ல வண்டிகள், மனுஷன் காலை எடுப்பான் என்பதையே முதல் விதியாக வைத்துக் கணக்குப் போட்டன. 1995-இலிருந்து மெர்சிடிஸ் வழியாக எலக்ட்ரானிக் நிலைநிறுத்தலும் வந்து, சுழலத் தொடங்கும் வண்டியின் ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நேராக்குகிறது. பழைய வண்டி ஓட்டுகிறவர்தான் தன்னோடு அதிகம் பேசுகிறது என்பார், ரோட்டைக் கையில் உணர முடிகிறது என்பார். உண்மைதான். எனக்கும் ஹெரால்டின் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறபோது கிடைக்கிற சுகம் நான் சோதிக்கிற எந்தப் புது வண்டியிலும் கிடைப்பதில்லை. அதற்காக ஈர ரோட்டில் என் பிள்ளைகளை எந்த வண்டியில் அனுப்புவேன் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

எங்கள் ஆபீசில் புது வண்டி ஒன்றின் புஷ் மாற்றும்போதெல்லாம், புதிய பையன்களிடம் ஒன்று கேட்பேன்: ஊரில் யாராவது இதை இரண்டு அங்குலம் தூக்கினால் என்ன ஆகும்? சார், கையேட்டில் தூக்கக் கூடாதுன்னு எழுதிருவோம் என்பார்கள். அப்போது கோர்வெய்ர் காற்றுக் கதையைச் சொல்வேன். மாமா கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதலில் சொல்வது இங்கேதான். மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லு. ஆனா பசுவுக்கு ஒண்ணும் ஆகல்லன்னும் சொல்லு" என்றார்.

சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் மணம் வருகிறது, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைத் தட்டுகிறார். ஒரு தகவலோடு முடித்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தார்ப்பாயின் கீழ் கிடந்த அந்த ஹெரால்டை இந்த வருஷம் எடுத்தேன். கூடுதல் பட்டையைக் கழற்றி, பழைய வளைவுக்கே கொண்டுவந்து, எல்லா ரப்பர் புஷ்ஷும் புதிதாகப் போட்டிருக்கிறேன். பின்னால் மறுபடியும் தவளை மாதிரி குந்தி இருக்கிறது. மேஸ்திரி இப்போது இல்லை, அவருடைய மகன்தான் வந்து முன்சக்கரத்துக்கு ஆயில் விட்டுத் தந்தார். வண்டி வெளியே மாமரத்தடியில் நிற்கிறது. டிக்கியில் இரண்டு கட்டு ரப்பர் ஷீட் வைத்திருக்கிறேன், அதை இறக்கியும் ஏற்றியும் சக்கரத்தின் சாய்வு மாறுவதை அளந்து பார்க்கலாம். அடியில் படுத்துப் பார்க்க விரும்பும் தம்பி தங்கைகளுக்காகப் பாய் ஒன்றும் போட்டிருக்கிறேன். சாவி மாமாவிடம் இருக்கிறது. காலையில் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார், மெதுவாகத்தான்.